வெளிநாட்டு விமான நிறுவனத்தின் மேல் நம் ஊரிலேயே வழக்குப் போடலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நாடு, விமான நிறுவனம் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவருடைய அம்மாவும் தங்கையின் திருமணத்துக்காக வேறொரு நாட்டுக்குப் போனார்கள். போக, வர இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். வெளிநாட்டில் தலைமையகம் உள்ள ஒரு விமான நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்கியது. வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். முதல் விமானத்தை இயக்கியது அந்த நிறுவனத்தின் கூட்டாளி நிறுவனம். அது நான்கு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியதில் இணைப்பு விமானம் தவறிவிட்டது. அடுத்த விமானத்தில் இடம் தர 26 மணி நேரம் ஆக்கினார்கள். தங்க அறை கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவை இரவு முழுக்க நாற்காலியில் உட்கார வைக்க மனமில்லாமல் சொந்தக் காசில் ஹோட்டல் எடுத்தார். திருமணத்துக்கு முதல் நாள் போய்ச் சேர வேண்டியவர்கள், எல்லாம் முடிந்து விருந்தினர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் போய் இறங்கினார்கள். ஒரு பெட்டி ஒன்பது நாள் கழித்து வந்தது. கூடவே வந்த இன்னொரு பெட்டி சக்கரம் உடைந்து, ஓரம் கிழிந்திருந்தது.

புகாருக்கு நிறுவனம் தந்த பதில்கள் நான்கு. தாமதமானது எங்கள் விமானம் இல்லை, கூட்டாளியைக் கேளுங்கள். தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பக் கோளாறு, அது எங்கள் கையில் இல்லை. எங்கள் நிபந்தனைகளின்படி எந்த வழக்கும் எங்கள் நாட்டு நீதிமன்றத்தில்தான். இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சர் தருகிறோம். இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே 20 மாதங்கள் ஓடிவிட்டன. “வெளிநாட்டுக்காரர்கள் மேல் இங்கே சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா? வக்கீல் வேண்டுமா? ஐரோப்பாவில் இருக்கும் தோழி ஆளுக்கு 600 யூரோ கட்டாயம் கிடைக்கும் என்கிறாள். அம்மா பட்ட மனவேதனைக்குப் பெரிய தொகையாகக் கேட்கலாமா?” என்பவை அவருடைய கேள்விகள். (சிறு கோரிக்கை நீதிமன்றம் என்பது சிறிய தொகைக்கான வழக்குகளை எளிய முறையில் விசாரிக்கும் நீதிமன்றம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களை அவசரப்படுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் “வெளிநாட்டு நிறுவனம்” என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் பெரிய தடை என்று நினைக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த 20 மாதங்கள்தான். சர்வதேச விமானப் பயணத்தில் ஏற்படும் தாமதத்துக்கும் லக்கேஜ் இழப்புக்கும் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் கெடு. அதற்குள் நீதிமன்றத்தில் மனு பதிவாகாவிட்டால் உங்கள் உரிமையே அழிந்துவிடும். நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பதற்காகக் கெடு நிற்காது. “உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது” என்று அவர்கள் எழுதினாலும் நிற்காது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாலும் நிற்காது. பெரும்பாலான நாட்டு நீதிமன்றங்கள் இதை நீட்டிக்கவே முடியாத கெடுவாகத்தான் பார்க்கின்றன.

கெடுவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? சேருமிடத்துக்கு வந்த நாள், அல்லது விமானம் வந்திருக்க வேண்டிய நாள், அல்லது பயணம் நின்றுபோன நாள் என்று சட்டம் சொல்கிறது. உங்களுடையது போய்வரும் டிக்கெட் என்பதால், எது சேருமிடம், எந்த நாளிலிருந்து கணக்கு என்று வாதம் கிளம்பலாம். அந்த வாதத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். முதன்முதலாக எந்த நாளில் நீங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமோ அந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டை எண்ணி, அதற்கு ஒரு மாதமாவது முன்னால் மனு பதிவாகிவிட வேண்டும். தபாலில் போட்ட தேதியை நம்பாதீர்கள். கட்டணம் கட்டி, நீதிமன்றம் எண் கொடுத்த தேதியைத்தான் நம்பலாம்.

நம் ஊரிலேயே வழக்குப் போடலாமா?

போடலாம். உங்கள் வழக்கில் இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. காரணம் மான்ட்ரியல் உடன்படிக்கை. 1999-இல் கையெழுத்தாகி 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தச் சர்வதேச ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 140 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் வாழும் நாடும் உண்டு. போய்வரும் டிக்கெட்டில் பயணம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றே என்பதால், உங்கள் நாடு அதில் இருந்தாலே போதும். விமான நிறுவனம் எந்த நாட்டுக்காரருடையது என்பதை இந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

அதன் 33ஆம் பிரிவு நான்கு இடங்களைச் சொல்கிறது: நிறுவனம் பதிவான நாடு, அதன் முதன்மை வணிகத் தலம் உள்ள நாடு, ஒப்பந்தம் எந்த அலுவலகத்தின் மூலம் நடந்ததோ அந்த அலுவலகம் இருக்கும் இடம், கடைசியாகப் பயணத்தின் சேருமிடம். இந்த நான்கில் எங்கே போடுவது என்பது உங்கள் விருப்பம். அதைத் தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. ஒரே டிக்கெட்டில் போய்த் திரும்பும் பயணத்தில் சேருமிடம் என்பது நீங்கள் கிளம்பிய இடமே என்று நீதிமன்றங்கள் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. திருமணம் நடந்த ஊர் நடுவில் நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். ஆகவே உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு வழி திறந்திருக்கிறது. இணையத்தில் வாங்கியதால் ஒப்பந்தம் எந்த நாட்டில் நடந்தது என்ற குழப்பத்துக்குள் நீங்கள் போகவே தேவையில்லை.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. “நான் இங்கே வசிக்கிறேன், அதனால் இங்கே வழக்குப் போடுவேன்” என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள். பயணி வசிக்கும் நாட்டில் வழக்குப் போடும் சலுகை உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் மட்டுமே உரியது; தாமதத்துக்கும் பெட்டிக்கும் கிடையாது. ஆகவே மனுவில் வசிப்பிடத்தைக் காரணமாகக் காட்டாமல், சேருமிடம் இதுதான் என்று எழுதி, போய்வரும் டிக்கெட்டின் நகலை முதல் இணைப்பாக வையுங்கள். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்படி வாங்கிப் பயணம் செய்தவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் வழக்கையே தங்களுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, “எங்கள் நாட்டு நீதிமன்றத்தில்தான்” என்ற அந்த நிபந்தனை? 49ஆம் பிரிவைப் பாருங்கள். உடன்படிக்கையின் விதிகளை மீறும் வகையில், எந்த நாட்டுச் சட்டம் என்றோ எந்த நீதிமன்றம் என்றோ முன்கூட்டியே மாற்றி எழுதும் நிபந்தனை செல்லாது. டிக்கெட் வாங்கும்போது “ஒப்புக்கொள்கிறேன்” என்ற பெட்டியில் நீங்கள் குறியிட்டிருந்தாலும் செல்லாது. அந்த வரியை உங்களுக்கு எழுதி அனுப்பிய அதிகாரிக்கு இது தெரியாமலேகூட இருக்கலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு எத்தனையோ பயணிகள் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கூட்டாளி, கோளாறு என்ற இரண்டு சாக்குகள்

உங்கள் மின் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். முன்பதிவுக்கான ஆறு எழுத்துக் குறியீட்டைச் சொல்லவில்லை, இது வேறு. அதன் முதல் மூன்று இலக்கங்கள், டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் குறியீடு. அது நீங்கள் பணம் கட்டிய நிறுவனத்தைக் காட்டினால், உங்களோடு ஒப்பந்தம் செய்தது அவர்கள்தான் என்பதற்கு அது நல்ல சான்று. ஒப்பந்தம் செய்தவர் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. விமானத்தை நிஜமாக இயக்கியவர் தன் பகுதிக்குப் பொறுப்பு. இயக்கியவர் செய்த தவறு ஒப்பந்தம் செய்தவர் செய்ததாகவே கொள்ளப்படும். 40, 41ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. இருவரில் ஒருவர் மேலோ இருவர் மேலும் சேர்த்தோ வழக்குப் போடலாம் என்று 45ஆம் பிரிவு சொல்கிறது. யார் யாருக்குத் தர வேண்டும் என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நிறுவனங்கள் நடந்துகொள்கின்றன. 19ஆம் பிரிவின்படி தாமதத்தால் வந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு. அதிலிருந்து தப்ப, நியாயமாக எடுக்க வேண்டிய எல்லா நடவடிக்கையையும் எடுத்தோம், அல்லது எடுக்க வழியே இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாரம் அவர்கள் தலையில். உங்கள் தலையில் இல்லை. என்ன கோளாறு, எப்போது கண்டுபிடித்தார்கள், பராமரிப்புப் பதிவு எங்கே என்று கேளுங்கள்.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று உங்களிடம் இருக்கிறது. முதல் விமானம் தாமதமானது நான்கு மணி நேரம். நீங்கள் தவித்தது 26 மணி நேரம். அந்த முதல் நான்கு மணி நேரத்துக்குக் கோளாறு காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மீதிக்கு என்ன காரணம்? அந்த இடைவெளியில் வேறு நிறுவனங்களின் விமானங்கள் திருமணம் நடந்த ஊருக்குப் போயிருக்கின்றனவா, அவற்றில் இடம் தேடினார்களா? பழைய விமான அட்டவணைகளை இணையத்தில் பார்க்க முடியும். அன்றைக்கு அந்த ஊருக்குக் கிளம்பிய விமானங்களின் எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இணைத்தால், நீதிபதியே அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்பார். கல்யாணத்துக்குப் போகிறோம், நாளைக்குள் போயாக வேண்டும் என்று கவுண்டரில் நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சாட்சி உங்கள் அம்மா. அவர் பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்திடட்டும்.

அந்த 600 யூரோ

உங்கள் தோழி சொன்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதிமுறை. அதன்படி தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை, எந்த இழப்பையும் நிரூபிக்காமலே கேட்கலாம். நல்ல சட்டம்தான், ஆனால் அது பொருந்தும் எல்லை குறுகலானது. விமானம் ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். அல்லது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்திருக்க வேண்டும். நீங்கள் போனது, மாறியது, இறங்கியது எதுவும் அங்கே இல்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் இதே போன்ற நிலையான இழப்பீட்டு விதிகள் உண்டு. கனடாவின் விதி அந்த நாட்டுக்கு வந்து போகும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்பதை 2024 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவையும் உங்கள் பாதையைத் தொடவில்லை. உங்களுக்கு இருப்பது மான்ட்ரியல் உடன்படிக்கை. அதில் நிலையான தொகை கிடையாது, நிரூபித்த இழப்பு மட்டுமே.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்புக்கணக்கையும் சரிசெய்துவிடுகிறேன். தாமதத்துக்குப் பயணி ஒருவருக்கு 6,303 எஸ்.டி.ஆர், லக்கேஜுக்கு 1,519 எஸ்.டி.ஆர் என்று இணையத்தில் படித்துவிட்டு, இரண்டையும் கூட்டி, இரண்டு பேருக்குப் பெருக்கி எழுதியிருக்கிறீர்கள். எஸ்.டி.ஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. 1,519 எஸ்.டி.ஆர் ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்; 6,303 எஸ்.டி.ஆர் 8,000 டாலருக்கு மேல் வரும். 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் உள்ள இந்த எண்கள் உங்கள் பயணத்துக்குப் பொருந்தும், சரி. ஆனால் அவை உச்ச வரம்பு. இதற்கு மேல் கிடைக்காது என்றுதான் சொல்கின்றன, இவ்வளவு கிடைக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் கையிலிருக்கும் ரசீதுகளின் மொத்தம் வரம்புக்குக் கீழேதான் வருகிறது. வரம்பைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு ரசீதுகளை அடுக்குங்கள்.

எதைக் கேட்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

அந்த இரவு ஹோட்டல், அங்கே சாப்பிட்டது, விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் போன டாக்சி, தொலைபேசிக் கட்டணம் எல்லாம் தாமதத்தால் வந்த செலவு, கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள் என்கிறீர்கள். விடுப்புக் கணக்கும் சம்பளச் சீட்டும் இருந்தால் அதையும் சேருங்கள். அந்த நாள் அந்தத் தாமதத்தோடு எப்படிச் சம்பந்தப்பட்டது என்பதை ஒரு வரியில் விளக்குங்கள்.

ஒன்பது நாள் பிந்தி வந்த பெட்டிக்காக நீங்கள் வாங்கிய உடைகள், அம்மாவின் மருந்து, செருப்பு ஆகியவற்றையும் கேட்கலாம். இங்கே நிறுவனத்தின் வக்கீல் “அந்த உடைகள் இன்னும் அவரிடம்தானே இருக்கின்றன” என்பார். சில நீதிபதிகள் அதைக் கேட்டு ஒரு பகுதியைக் கழிப்பார்கள். மருந்தை யாரும் கழிக்க மாட்டார்கள். ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரித்து, தீர்ந்துபோகும் பொருட்களை முதலில் எழுதுங்கள். விமான நிலையத்தில் கொடுத்த பி.ஐ.ஆர் சீட்டில் (பெட்டி வராததையோ சேதமானதையோ பதிவு செய்யும் அறிக்கை) மூன்று எழுத்து விமான நிலையக் குறியீடு, இரண்டு எழுத்து நிறுவனக் குறியீடு, ஐந்து இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். அதையும், போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த லக்கேஜ் சீட்டின் பத்து இலக்க எண்ணையும் மனுவிலேயே எழுதுங்கள். பெட்டி எங்கே கிடந்தது என்பது அவர்கள் கணினியில் அந்த எண்ணில் பதிவாகியிருக்கும்.

பிந்தி வந்த பெட்டிக்கு, அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் 12ஆம் நாள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மின்னஞ்சல் உங்களைக் காப்பாற்றுகிறது. சேதமான பெட்டிக்குக் கெடு ஏழே நாள். நீங்கள் அதைப் பற்றி எழுதியது ஊர் திரும்பிய பின், 18ஆம் நாள். ஏழு நாளுக்குள் புகார் இல்லையென்றால், நிறுவனம் மோசடி செய்திருந்தால் ஒழிய, வழக்கே இல்லை என்று 31ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உடைந்த பெட்டியை விட்டுவிடச் சொல்கிறேன். ஒரே ஒரு வாய்ப்பு: வராத பெட்டிக்காக அன்று கவுண்டரில் பி.ஐ.ஆர் எழுதினார்களே, அதில் மற்ற பெட்டி உடைந்திருப்பதையும் அந்த ஊழியர் குறித்தாரா என்று பாருங்கள். நிறுவனத்தின் பதிவேட்டில் ஊழியர் ஏற்றிய புகாரும் எழுத்துப் புகாரே என்று 2018-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. உங்கள் ஊர் நீதிபதியை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். அப்படிக் குறிப்பு இல்லையென்றால் பெட்டியைச் சேர்க்காதீர்கள். தோற்கப்போகும் ஒன்றைச் சேர்த்தால் மற்றவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

அம்மாவின் வேதனை. இதைப் பற்றி எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பெற்ற மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போனது எந்த ரசீதிலும் வராத இழப்பு. “அம்மா இன்னும் ஆல்பத்தைத் திறக்கவில்லை” என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்னால் உடனே அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்வது என் கடமை. மான்ட்ரியல் உடன்படிக்கை தண்டனைத் தொகையை அனுமதிப்பதில்லை. தாமதத்தால் வந்த வெறும் மனவேதனைக்குத் தொகை தர அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் நீதிமன்றங்கள் பெரும்பாலும் மறுத்தே வந்திருக்கின்றன. இந்தியாவின் நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்குத் தொகை வழங்குவதுண்டு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் லக்கேஜ் வரம்புக்குள் பொருள் சாராத இழப்பும் அடங்கும் என்று 2010-இல் சொல்லியிருக்கிறது. எனவே நீங்கள் வழக்குப் போடும் நாட்டு நீதிமன்றத்தின் போக்கைப் பொறுத்தது இது. என் யோசனை: நடந்ததை மனுவில் நேர்மையாக, நீட்டி முழக்காமல் எழுதுங்கள். அதற்கென ஒரு மிதமான தொகையைத் தனி வரியாக வையுங்கள், மறுக்கப்பட்டாலும் மற்றவை நிற்கும்படி. செலவைப்போல் பல மடங்கு தொகையைக் கேட்டால் கோரிக்கை சிறு கோரிக்கை வரம்பையே தாண்டி, வக்கீலும் பெரிய செலவும் தேவைப்படும் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

அம்மா தனிப் பயணி. அவர் கோரிக்கை அவர் பெயரில் வர வேண்டும். சில இடங்களில் இருவரும் ஒரே மனுவில் சேரலாம், சில இடங்களில் தனித்தனி மனு. அவருக்குப் பதில் நீங்கள் பேச வேண்டுமென்றால் அதற்கான அனுமதிப் படிவத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

வவுச்சர்

அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது நல்லது. “ஏற்றுக்கொள்கிறேன்” என்ற பொத்தானுக்கு மேலே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன் என்று ஒரு வரி இருந்தால், அந்த ஒரு சொடுக்கு உங்கள் வழக்கை முடித்துவிடக்கூடும். அதற்காக அந்தச் சலுகையைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். நிறுவனம் எழுத்தில் ஒரு தொகையைத் தருவதாகச் சொல்லி, தீர்ப்பு அதைவிடக் கூடவில்லை என்றால், வழக்குச் செலவைப் பெறுவது கடினமாகலாம். பணமாக ஒரு தொகை வந்தால் உங்கள் ரசீது மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கால் பங்குக்கு மேல் பணமாகவே வந்தால், நானாக இருந்தால் யோசிப்பேன்.

வழக்கை எப்படித் தொடங்குவது?

வக்கீல் தேவையில்லை. சிறு கோரிக்கை நீதிமன்றங்கள் சாதாரண மனிதர்கள் தாங்களே பேசுவதற்காக உருவானவை. சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், அங்கே வக்கீலுக்கு அனுமதியே கிடையாது. இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான பெரும்பாலான கோரிக்கைகள் சிறு கோரிக்கைப் பிரிவில் விசாரிக்கப்படுகின்றன. இந்தியாவில் சிறு கோரிக்கை நீதிமன்றம் என்ற பெயரில் இல்லாவிட்டாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் நாட்டு வரம்பையும் கட்டணத்தையும் நீதிமன்ற இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். விமான இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். நிலையான தொகை உள்ள நாடுகளில்தான் அவற்றுக்கு அக்கறை, உங்களைப் போன்ற ரசீது வழக்குகளில் இல்லை.

நீங்கள் உண்மையாகவே கவனிக்க வேண்டிய சிக்கல் சம்மன். வெளிநாட்டு நிறுவனம் என்பது இங்கேதான் கொஞ்சம் இடிக்கும். சில சிறு கோரிக்கை மன்றங்கள் நாட்டுக்கு வெளியே சம்மன் அனுப்ப அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் வெளிநாட்டுக்கு முறைப்படி சம்மன் போக மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் நிறுவனத்துக்கு உள்ளூரில் ஒரு முகவரி தேடுங்கள். உங்கள் நாட்டிலிருந்து விமானம் இயக்கும் வெளிநாட்டு நிறுவனம் பெரும்பாலும் ஒரு கிளையைப் பதிவு செய்திருக்கும், அல்லது சட்ட ஆவணங்களைப் பெற ஒரு முகவரை நியமித்திருக்கும். நாட்டின் நிறுவனப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் கிடைக்கும். அப்போது பதிவேட்டில் உள்ள சட்டப்பூர்வமான முழுப் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் பெயர் வெறும் வணிகப் பெயராக இருக்கலாம். தப்பான பெயரில் போட்ட வழக்கைத் திருத்துவதற்குள் உங்கள் கெடு ஓடிவிடும். வெறும் டிக்கெட் விற்கும் பொது முகவரின் முகவரி போதாது என்று சில இடங்களில் மறுப்பார்கள், அதையும் நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுவுக்கு முன் ஓர் இறுதிக் கடிதம் அனுப்புங்கள். பல நாடுகளில் நீதிபதிகள் அதை எதிர்பார்க்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். டிக்கெட் எண், விமான எண்கள், தேதிகள், என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள், எந்தப் பிரிவுகளின்படி, 14 நாளுக்குள் பதில் இல்லாவிட்டால் இன்ன நீதிமன்றத்தில் மனுப் போடுவேன் என்று நேராக எழுதுங்கள். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். அந்தக் கடிதம் நீதிபதியின் மேசைக்கும் போகும். மின்னஞ்சலிலும் உள்ளூர் முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதில் வந்தாலும், பேச்சுவார்த்தை நடந்தாலும், நான் மேலே சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். மனுவைப் பதிவு செய்துவிட்டும் பேசலாம்.

அதற்கப்புறம் என்ன நடக்கும்? பெரும்பாலும் சம்மன் கிடைத்த பிறகுதான் புகார்ப் பிரிவிலிருந்து கோப்பு சட்டப் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவர்களுக்கு 33ஆம் பிரிவும் 49ஆம் பிரிவும் தெரியும். ஒரு நாள் விசாரணைக்கு வக்கீலை அனுப்பும் செலவையும் கணக்குப் போடுவார்கள். அதனால் விசாரணைக்கு முன்பே, அல்லது நீதிமன்றமே ஏற்பாடு செய்யும் சமரசப் பேச்சில், பணமாகத் தர முன்வருவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். எதிர்த்து நிற்பவர்களும் உண்டு. அப்படி நின்றால் நியாயமான நடவடிக்கைகளை எடுத்தோம் என்று அவர்கள் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும்.

தோற்கும் அபாயம் பெரிதில்லை. பொதுவாகச் சிறு கோரிக்கையில் தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீலின் முழுச் செலவும் உங்கள் மேல் விழாது. கட்டிய கட்டணமும் செலவழித்த நேரமும் போகும். நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதால் மனுப் படிவத்தோடு வரும் குறிப்பைப் படித்துவிடுங்கள். ஜெயித்த பிறகு வசூல் செய்வது எப்படி என்ற உங்கள் பயமும் இந்த வழக்கில் அவ்வளவு தேவையில்லை. அந்த நிறுவனம் உங்கள் ஊருக்கு இன்றும் விமானம் விடுகிறது என்கிறீர்கள். அலுவலகம், வங்கிக் கணக்கு, டிக்கெட் விற்பனை வருமானம் எல்லாம் உங்கள் நாட்டு நீதிமன்றத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சேவையை நிறுத்திவிட்டுப் போன நிறுவனமாக இருந்தால்தான் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நாட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

பயணக் காப்பீட்டில் ஏதாவது கிடைத்திருந்தால் அதை மறைக்காமல் மனுவில் சொல்லிக் கழித்துவிடுங்கள். ஒரே ஹோட்டல் ரசீதுக்கு இரண்டு இடத்தில் பணம் கேட்டதாகத் தெரிந்தால் மற்ற எல்லாமும் கெடும்.

இந்த வாரம் மூன்று வேலைகள்: டிக்கெட்டைப் பார்த்து அந்த இரண்டு ஆண்டுத் தேதியைக் குறிப்பது, பதிவேட்டில் நிறுவனத்தின் சரியான பெயரையும் உள்ளூர் முகவரியையும் எடுப்பது, இறுதிக் கடிதத்தை அனுப்புவது. பி.ஐ.ஆர் சீட்டில் உடைந்த பெட்டியைப் பற்றிக் குறிப்பு இருந்தால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். மனுவில் அதை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.